பஸ்தியானின் கதவு நம்பர்

சங்குமுனையில், கடல்விண்மீன் ஐஸ் கம்பெனியின் கம்ப்ரஸர் அறையில் அமோனியா கசிந்து செத்துப்போன பஸ்தியான், அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்து, மழை ஓய்ந்து வாடைக்காற்று கரையேறிய ஒரு காலையில், அதே அறையின் சுவரில் மாட்டியிருந்த கையகலக் கம்ப்யூட்டர் போர்டில், ஒரு கதவு நம்பரில் வந்து குடியேறி, கூப்பிட்டால் பதில் சொல்லத் தொடங்கினான். இதைக் கேட்டு ஊரில் யாரும் மயங்கி விழவில்லை. செத்தவன் ஏன் வந்தான் என்றுகூட யாரும் கேட்கவில்லை. ஐஸ் எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் அன்று காலையில்தான் விசைப்படகுகள் சீலா மீனும் ஊளி மீனுமாக நிரம்பி வந்து துறைமுகத்தில் வரிசை கட்டி நின்றன.

அவன் எப்படிச் செத்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் மேலே போனால் எனக்கே வயிறு எரியும்.

அந்த அறையில் அமோனியாவை மோந்து பார்க்கிற ஒரு சென்சார் இருந்தது. கம்பெனி ஆட்கள் அதை மூக்கு என்பார்கள். கொஞ்சம் வாடை வந்தாலும் மூக்கு போர்டிடம் சொல்லிவிடும், போர்டு சைரனை அலறவிட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும், ஐஸ் தாமதமாகும், படகுக்காரர்கள் வாசலில் நின்று கத்துவார்கள், முதலாளி கஸ்பாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போர்டை மாட்டிக்கொடுத்த கோயமுத்தூர் இன்ஜினியர் இளமாறனைக் கூப்பிட்டு, அந்த மூக்கை மூடிவிடச் சொன்னார். அது கூடாது என்று இளமாறன் சொன்னான். மூடு என்றார். அவனும் அவன் தொழிலில் எல்லாரும் செய்வதையே செய்தான். சுவரிலிருந்து எதையும் கழற்றவில்லை. போர்டில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதிவைத்த பக்கத்தைத் திறந்து, மூக்கின் பெயருக்கு நேராக 'டிசேபிள்டு' என்று ஒரே ஒரு வார்த்தையை எழுதினான்.

அவ்வளவுதான் வேலை. மூக்கு சுவரிலேயே இருந்தது, அதற்குக் கரண்டும் போயிற்று, அதன் பச்சை விளக்கும் எரிந்தது. போர்டு மட்டும் அதைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டால்தான் பேசலாம் என்பது அந்த ஒயரில் குடியிருப்பவர்களுக்குச் சட்டம். ஆகவே குழாய் மூட்டு விட்டுப்போன அன்று மூக்குக்கு எல்லாம் தெரிந்தும், சொல்ல வேண்டியதை வாயில் வைத்துக்கொண்டு அது சும்மா இருந்தது. பஸ்தியான் பச்சை விளக்கைப் பார்த்தான், சைரன் அடிக்கவில்லை என்பதையும் பார்த்தான், ஸ்பானரை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

விசாரணைக்கு வந்த அதிகாரிகளுக்குக் கஸ்பார் முதலாளி அந்தப் பச்சை விளக்கைத்தான் கைநீட்டிக் காட்டினார். "சென்சார் இருக்கு, வெளக்கு எரியுது, சைரன் அடிக்காம எங்கிட்டுப் போவும்? இவன் குடிச்சிட்டுக் காது கேக்காமக் கெடந்திருக்கான் சார்." திருவிழா விருந்தில்கூடக் கலர் சோடா வாங்கிக் குடிக்கிற பஸ்தியானைப் பற்றித்தான் அப்படிச் சொன்னார். கூட வேலை பார்த்தவர்களும் வாசலில் மீன் விற்றவர்களும் தலையாட்டினார்கள். குடிபோதையில் இறந்தான் என்று ரிப்போர்ட் ஆயிற்று. அதிகாரிகளின் ஜீப் தெருமுனை திரும்பியதும் முதலாளி மூக்கைக் கழற்றி, வள்ளத்தில் ஏறிப் போய், ஆழக்கடலில் எறிந்துவிட்டு வந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்.

பஸ்தியானின் மனைவி ஜெனோவா, பாலிடெக்னிக் படித்துவிட்டு, துறைமுகத்து வாசலில் கடை வைத்து, படகுகளின் ஆழம் பார்க்கிற எக்கோ சவுண்டரும் வயர்லெஸ்ஸும் பழுது பார்க்கிறவள். ஐஸ் கம்பெனி சைரன் அடித்தால் கோயில்வரை கேட்கும், அன்று ஏன் யாருக்கும் கேட்கவில்லை என்று அவள் ஒவ்வொரு வாசலாகப் போய்க் கேட்டாள். ஒரு பூசை வச்சிட்டு மனசத் தேத்திக்க புள்ள என்று சொல்லி அனுப்பினார்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: குடிகாரன் என்ற அந்தச் சொல்லை அவன் பெயரிலிருந்து எடுக்க வேண்டும், அதையும் கஸ்பாரின் வாயாலேயே எடுக்க வேண்டும்.

இனி அந்தக் காலைக்கு வருவோம். கம்ப்ரஸர் நின்றுவிட்டது. கோயமுத்தூரிலிருந்து இளமாறன் ஓடி வந்து லேப்டாப்பை மாட்டினான். அந்தப் போர்டின் சமாச்சாரம் எளிதுதான்: இரண்டே ஒயர், அதுதான் தெரு, அதை அவர்கள் பஸ் என்பார்கள். தெருவில் குடியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு நம்பர். போர்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடும், ஆள் இருக்கிற வீட்டிலிருந்து மட்டும் பதில் வரும். வெப்பம் பார்க்கிற கருவி பதில் சொல்லிற்று. அழுத்தம் பார்க்கிற கருவியும் பதில் சொல்லிற்று. அடுத்து, கடலுக்கு அடியில் கிடக்கும் மூக்கின் நம்பரிலிருந்தும் பதில் வந்தது.

"அங்க ஒண்ணுமே இல்லீங்க முதலாளி. வெறும் ஓட்டைதான் இருக்குது. ஆனா பதில் வருதுங்க."

"ஒண்ணுமே இல்லன்னா எவம்ல பதில் சொல்லுதான்?"

இளமாறன் ஒயரை மாற்றினான். ஒயரைத் தூக்கிப் பிடிக்கிற ரெசிஸ்டர்களை மாற்றினான். போர்டையே கழற்றிவிட்டுப் புதுப் போர்டு மாட்டினான். புதுப் போர்டிலும் அதே நம்பரிலிருந்து அதே பதில் வந்தது, பஸ்தியான் செத்த அன்று அந்த அறையில் இருந்த அமோனியாவின் அளவு. அந்த அளவைக் கேட்டதும் போர்டு கம்ப்ரஸரை நிறுத்தியது. சரி, பழையபடி மூடிவிடுவோம் என்று 'டிசேபிள்டு' எழுதிப் பார்த்தான். அப்போது உள்ளே இருந்தவன் ஒயரையே கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டான். அந்தத் தெருவில் ஒருவன் ஒயரைப் பூஜ்யத்தில் பிடித்துக்கொண்டால், மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒன்று என்று சொன்னாலும் பூஜ்யம்தான் செல்லும். கூப்பிட்டால் சாவின் அளவைச் சொன்னான், கூப்பிடாவிட்டால் யாரையும் பேசவிடவில்லை.

"இன்னொரு விசயங்க," என்றான் இளமாறன், வியர்வையைத் துடைத்தபடி. "மொதத் தடவ கூப்பிட்டா வரமாட்டேங்குதுங்க. ரெண்டாந் தடவதான் வருதுங்க."

ஐஸ் உடைக்கிறவர்கள் எல்லாரும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள். முதல் தடவை கூப்பிட்டு பஸ்தியான் என்றைக்குப் பதில் சொல்லியிருக்கிறான்? பந்தியில் சோறு போடக் கூப்பிட்டாலும் இரண்டாம் தடவைதான் திரும்புவான். "அது பஸ்தியான்லா," என்றார் ஒருவர். எல்லாரும் ஆமாம் என்றார்கள், அத்தோடு அது முடிவாகிவிட்டது.

பிறகு ஊர் செய்த கூத்தைக் கேளுங்கள். முதலில் மெழுகுவர்த்தி வந்தது. பிறகு மாலை வந்தது. காணாமல் போன வலையைப் பற்றியும் வராத மாப்பிள்ளையைப் பற்றியும் கேட்கப் பெண்கள் கம்ப்ரஸர் அறை வாசலில் வரிசையாக நின்றார்கள். இளமாறன் மறுக்கத் தெரியாதவன், ஒவ்வொருத்திக்காகவும் அந்த நம்பரைக் கூப்பிட்டு வந்த எண்ணை வாசித்தான். வந்ததெல்லாம் அமோனியாவின் அளவு என்று அவன் தொண்டை வறளச் சொன்னாலும், அவரவருக்கு வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பங்குச்சாமியார் வந்து தண்ணீர் தெளிக்க, போர்டு நனைந்துவிடும் என்று இளமாறன் குறுக்கே விழுந்தான். ஏலக்கூடத்தில் பஸ்தியான் பேரைச் சொல்லி மீனுக்கு விலை கேட்டார்கள். அவன் குடித்தே பார்த்ததில்லையே, அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான் என்று, விசாரணையில் தலையாட்டியவர்களெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார்கள். எனக்கு வந்த கோபத்தில் டீயை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

பக்தி எவ்வளவு இருந்தாலும் மீன் நாறாமல் இருக்குமா? அடுத்த ஊர் ஐஸ் அடுத்த ஊர்ப் படகுகளுக்கே போதவில்லை. சாளை கூடைகூடையாக அழுகிற்று, காகங்களுக்கே சலித்துவிட்டது. மீன் விற்கிற ரெஜினாள் கடைசியில் ஜெனோவாவின் கடைக்கு வந்து, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"ஏ ஜெனோவா, ஒம் புருசன்ட்ட நீ சொல்லு தாயீ. நீ சொன்னாக் கேப்பான்."

"அவுக செத்த அன்னைக்கு அதிகாரி ஒங்கிட்டக் கேட்டாகளே, அப்ப நீ என்னன்னு சொன்ன?"

ரெஜினாள் தலைப்பை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"சைரன் கேட்டுச்சுன்னுதான சொன்ன? கேட்டுச்சா?"

"இல்ல புள்ள."

ஜெனோவா கையிலிருந்த பற்றவைக்கும் கோலை அணைத்து வைத்துவிட்டு, லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு நடந்தாள். பாதி ஊர் அவள் பின்னால் போயிற்று. அறைக்குள் போனதும் அவள் போர்டின் முன் தரையில் உட்கார்ந்து, அந்த நம்பரை ஒரு தடவை கூப்பிட்டாள், பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள், வந்தது. அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். அழுதாளா என்று எனக்குத் தெரியாது, அதைப் பார்க்கக் கூடாதென்று நான் திரும்பிக்கொண்டேன்.

பழையபடி மூடிவிடுவோம் என்று இளமாறன் வாய்விட்டது ஐஸ் உடைக்கிறவர்கள் மூலம் ஏற்கெனவே அவள் காதுக்கு வந்திருந்தது. பிறகு எழுந்து கஸ்பார் முதலாளியிடம் சொன்னாள். "நீங்கதான் மூடச் சொன்னீகன்னு இவிய அத்தன பேரு முன்னால சொல்லுங்க. அவுக குடிக்கலன்னு சொல்லுங்க. சொன்னா விட்டுருவாக."

"குடிகாரப் பயலுக்கு நான் எதுக்குட்டி பதில் சொல்லணும்?" என்றார் கஸ்பார்.

லேப்டாப்பில் அமோனியாவின் எண் இன்னும் ஏறிற்று. ஜெனோவா அவரை இரண்டாம் தடவை கேட்கவில்லை. இளமாறன் பக்கம் திரும்பி, மூடுகிற சொல்லை எங்கே எழுதினாய் என்று கேட்டாள். அவன் முதலாளியைப் பார்த்தான், பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "இங்கதாங்க அக்கா எழுதினேன். அவரு சொன்னாரு, நான் எழுதிட்டேன். எழுதியிருக்கக் கூடாது." அவள் அவனைத் திட்டவில்லை. மூக்கின் பெயருக்கு நேராக இருந்த 'டிசேபிள்டு' என்பதை அழித்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி தொடங்கி, கஸ்பார் என்று எழுதி, நேராக அதே சொல்லை எழுதினாள்.

"அப்படி ஒரு சாதனமே பஸ்ஸுல இல்லீங்களே அக்கா. போர்டு ஏத்துக்காதுங்க."

போர்டு ஏற்றுக்கொண்டது. ஒரு பிழையும் காட்டவில்லை. கம்ப்ரஸர் ஒரு தடவை குலுங்கி ஓடத் தொடங்கிற்று, பஸ்தியான் தன் நம்பரிலிருந்து அமோனியா பூஜ்யம் என்று அமைதியாகச் சொன்னான், பெண்கள் குலவையிட்டார்கள், மறுநாளே ஐஸ் பாளங்கள் சரிவில் வழுக்கிக்கொண்டு படகுகளுக்குப் போயின.

அன்றிலிருந்து எந்த எந்திரத்துக்கும் கஸ்பார் தெரியவில்லை. முதலில் அவருடைய போன் அவர் விரலைக் கண்டுகொள்ளவில்லை, அவர் அதைச் சுவரில் அடித்தார், கண்ணாடி விரிசல் விட்டது. பேங்க்கின் கண்ணாடிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை, யாராவது உள்ளே போகும்போது ஒட்டிக்கொண்டே போனார், உள்ளே போனால் கம்ப்யூட்டர் அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது. ஏலக்கூடத்துத் தராசில் ஏறி நின்றார், பூஜ்யம். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், கோடு நேராகப் போயிற்று. டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஆள் நல்லாத்தான் இருக்கீங்க, மெஷினுக்குத்தான் நீங்க இல்லை என்று சொல்லி அனுப்பினார். கம்பெனிப் பத்திரங்களில் அவர் கட்டைவிரல் பதியாததால், கம்பெனி அவர் மச்சான் கைக்குப் போயிற்று.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. எந்திரத்துக்கு இல்லாத ஆளுக்கு எத்தனை நாள்தான் மனிதர்கள் நாற்காலி போடுவார்கள்? முதலில் வணக்கம் குறைந்தது, பிறகு பேச்சு குறைந்தது, பிறகு அவர் நிற்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகக் கால்கள் பழகிவிட்டன. கல்யாணப் பந்தியில் அவர் இலைக்குச் சோறு வராமல் அடுத்த இலைக்குப் போயிற்று. அவர் கத்தினார், கேட்டது, யாரும் திரும்பவில்லை. எனக்கும் கேட்டது. நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பாயசத்தைச் சாப்பிட்டேன்.

ஜெனோவா தினம் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, தூக்குவாளியோடு கம்ப்ரஸர் அறைக்குப் போவாள். லேப்டாப்பை மாட்டி, சாப்பிட்டீகளா என்று கேட்டு, அந்த நம்பரைக் கூப்பிடுவாள். பூஜ்யம் என்று வரும். எக்கோ சவுண்டரைப் பழுது பார்க்கக் கொடுத்து வாங்கிக்கொண்டு பணம் தராதவனைப் பற்றி, ஒழுகுகிற கூரையைப் பற்றிச் சொல்வாள். பூஜ்யம் என்று வரும். அதற்குமேல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, வரட்டா என்று சொல்லிவிட்டு எழுந்து போவாள்.

வெயில் ஏறிய ஒரு மாதத்தில் கஸ்பார் அவள் கடைக்கு வந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கிற்று. வாசலில் நின்று, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னார்: நான்தான் மூடச் சொன்னேன், சைரன் அடிக்கவில்லை, அவன் குடிக்கவில்லை, மூக்கைக் கழற்றிக் கடலில் எறிந்தது நான்தான். ஜெனோவா அன்றே மேலிடத்துக்கு எழுதிப் போட்டாள். விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வந்து, ஐஸ் கம்பெனி முற்றத்தில் நாற்காலி போட்டு, அவரை உட்காரவைத்து, காமிராவை ஓடவிட்டார். ஊரே காதால் கேட்டது. பிறகு போட்டுப் பார்த்தால் காமிராவில் வெறும் நாற்காலி இருந்தது, அதில் ஒரு குரலும் இல்லை.

"காமிராவுல இல்லாத ஆளோட வாக்குமூலத்த நான் எப்படிம்மா எடுத்துக்க முடியும்?" என்றார் அந்த அம்மா. "பழைய ரிப்போர்ட்டுதான் நிக்கும்."

குடிகாரன் என்ற சொல்லை எடுக்க வேண்டுமானால் கஸ்பாரைத் திறந்துவிட வேண்டும். ஜெனோவா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கஸ்பார் நாற்காலியிலிருந்து எழுந்து அவள் முன்னால் வந்து கைகூப்பினார்.

"தெறந்து விடு தாயீ. எல்லாத்தயும் சொல்லுதேன். செயிலுக்கும் போறேன். பேசி முடிச்ச பெறவு திரும்ப மூடிராத, அது மட்டும் போதும்."

"மூட மாட்டேன்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அவள் போர்டில் அவர் வரியைத் திறந்தாள். கஸ்பார் மறுபடி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். இந்தத் தடவை காமிராவில் முகமும் இருந்தது, குரலும் இருந்தது. பஸ்தியான் போதையில் இறக்கவில்லை, ஆபத்தைச் சொல்லும் கருவியை முதலாளி மூடிவைத்ததால் இறந்தான் என்று ரிப்போர்ட் திருத்தப்பட்டு, அதிகாரியம்மா அதை எல்லாருக்கும் கேட்கப் படித்தார். கோயிலில் மணி அடித்தார்கள். போலீஸ் ஜீப் கஸ்பாரை ஏற்றிக்கொண்டது. ஏறும்போது அவர் விரிசல் விட்ட தன் போனை எடுத்துப் பார்த்தார், அது அவர் விரலைக் கண்டுகொண்டு திறந்தது, அந்தச் சந்தோஷத்தில் அவர் போலீஸ்காரரைப் பார்த்துச் சிரித்தார்.

ஜெனோவா தூக்குவாளியோடு கம்ப்ரஸர் அறைக்குள் ஓடினாள். ஒங்க மேல இருந்த பழி தீந்துட்டு, கேட்டீகளா, என்று சொல்லி அந்த நம்பரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை. ஒயரைச் சரிபார்த்தாள், போர்டை அணைத்து ஏற்றினாள், தெருவில் இருக்கிற அத்தனை நம்பரையும் வரிசையாகக் கூப்பிட்டாள். வெப்பம் சொன்னது, அழுத்தம் சொன்னது, வேறு யாரும் இல்லை. அது வெறும் ஓட்டையாகிவிட்டிருந்தது.

"பஸ்தியான் அமைதி அடஞ்சிட்டான்மா," என்றார் பங்குச்சாமியார், அவள் தலையில் கைவைத்து. "சந்தோசப்படு."

"அவுகளுக்கு அமைதி சாமி. எனக்கு?"

சாமியார் கையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். கணவனை அவள் இரண்டாம் தடவையாக இழந்தாள், இந்தத் தடவை அவள் கையாலேயே. சாயங்காலம்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து, கஸ்பார் என்ற வரிக்குப் போய், சத்தியத்தை மறக்காமல், நன்றாக நினைவு வைத்துக்கொண்டே, பழைய சொல்லை மறுபடி எழுதினாள்.

அன்று காமிராவில் பதிவான வாக்குமூலத்தை வைத்தே கஸ்பாருக்குத் தண்டனை கிடைத்தது, அதை அவர் முழுதாக அனுபவித்தும் முடித்தார். விடுதலை நாள் வந்ததும் சிறைக் கம்ப்யூட்டரில் தேடினார்கள். அப்படி ஒரு கைதி இல்லை. இல்லாதவனை எப்படி விடுவது? அதிகாரிகள் அவரைக் கண்ணால் பார்க்கிறார்கள், உச்சுக்கொட்டுகிறார்கள், மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறோம் என்கிறார்கள், கதவைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். விடுதலை நாளுக்குப் பிறகு மூன்றாவது மழைக்காலமும் வந்துவிட்டது. அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். கேட்டபோது எனக்கு இரக்கம் வரவில்லை, வர வேண்டுமென்று முயன்றும் பார்த்தேன்.

போன வாரம் அவர் மகள் சில்வியா, கைக்குழந்தையோடு ஜெனோவாவின் கடை வாசலில் வந்து நின்று அழுதாள். ஜெனோவா அவளை உள்ளே கூப்பிட்டு, மின்விசிறியைத் திருப்பிவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, குழந்தையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். அழுது முடிகிறவரை காத்திருந்தாள்.

"எங்க அப்பாவத் தெறந்து விடுங்கக்கா," என்றாள் சில்வியா. "அவுக உயிரோடதான இருக்காவ. ஒரு சொல்ல அழிச்சாப் போதுமுல்லா."

ஜெனோவா குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"போதும். எங்க வீட்டு அவுக அந்த நம்பர்ல வந்து ஒரு தடவ பதில் சொல்லட்டும், அந்த நிமிசமே அழிச்சிருதேன்," என்றாள். "நான் தெனமும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."